மூன்றாம் நாள் தண்ணீர்

டெண்டர் விதிகளில் பன்னிரண்டாவதை எழுதியவள் நான்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. "தண்ணீர் மாதிரியை ஆலோசனை நிறுவனத்தின் ஆளே எடுக்க வேண்டும். திட்ட அலுவலக ஊழியர் எவரும் அதைத் தொடக்கூடாது." இந்த இரண்டு வரிக்காக எங்கள் பொறியாளர் செந்தில்வேல் சாரோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். அன்றைக்கு எனக்கிருந்த திமிரை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தூத்துக்குடியில் வடிகால் திட்ட அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. அதில் நான் தொழில்நுட்ப உதவியாளர், பெயர் கிளாடிஸ். ஊருக்குள் பெய்கிற மழைத்தண்ணீரைக் கடலில் கொண்டுபோய் விடுகிற ஓடைகள் எங்கள் பொறுப்பு. மழைத்தண்ணீர் என்று பெயர்தான். கக்கூஸ் லாரிக்காரன், ஐஸ் பிளான்ட், மீன் கம்பெனி, ஒர்க்‌ஷாப் என்று ஆளாளுக்கு அதில்தான் திறந்துவிடுகிறார்கள். வெயில் காலம் பூராவும் அது அங்கேயே கிடந்து நாறும். முதல் மழை அடித்ததும் மொத்தமாகக் கிளம்பி எங்கள் சந்தியாகப்பர் தெருக் கடற்கரையில் வந்து விழும்.

அந்தத் தண்ணீரில்தான் என் அண்ணன் மனுவேல் இறங்குகிறான். ஒருகாலத்தில் சங்கு குளித்தவன். காது இரண்டிலும் சீழ் வைத்தபிறகு ஆழத்துக்குப் போக முடியாமல், இடுப்பளவு தண்ணீரில் நண்டு வலை போட்டுப் பிழைக்கிறான். சுகர் வேறு. போன வருஷம் இடது காலில் ஒரு விரலை எடுத்தாயிற்று. "அந்தத் தண்ணியில காலை வச்சீங்கன்னா அடுத்தது பாதம்தான், சொல்லிட்டேன்" என்றார் டாக்டர். என் வீட்டில் வந்து இரு என்றால், "தங்கச்சி சோத்தைத் திங்கவா நான் பொறந்தேன்" என்று சண்டைக்கு வருவான். ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

ஓடையை மூடச் சொல்லித் தெருக்காரர்கள் கேஸ் போட்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு வழி பிறந்தது. வெளி நிறுவனம் ஒன்று சோதித்து, தண்ணீர் கெட்டது என்று அறிக்கை கொடுத்தால் ஓடையைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பிவிடலாம். நிதி தயார், ஆனால் மார்ச்சுக்குள் முடிவாக வேண்டும். தண்ணீர் நல்லது என்று வந்தால் ஓடை இருந்தபடியே இருக்கும். கேஸ் நடக்கும்வரை சோதனை கிடையாது.

தெருக்கூட்டத்தில் எழுந்து நின்றேன். "எங்க ஆபீஸ் கணக்க நீங்க நம்பவே வேண்டாம். சென்னையிலேர்ந்து ஆள் வாரான். எங்காளு ஒருத்தன் கை படாம அவனே எடுப்பான். கேஸை வாபஸ் வாங்குங்க" என்றேன். மனுவேல்தான் முதலில் எழுந்தான். "எந்தங்கச்சி சொல்லுதா. பெறகென்ன? போடுங்கடே கையெழுத்த" என்றான். எல்லாரும் போட்டார்கள்.

செந்தில்வேல் சார் சும்மா இறங்கி வரவில்லை. "ஒன் ரூலப் போட்டுக்கம்மா. ஆனா கம்பெனிக்காரன் சென்னையில இருந்துல்லா வரணும்? தண்ணி ஓட ஆரம்பிச்ச அரைமணி நேரத்துல எடுக்கணும், முடியலன்னா மூணு நாளைக்குள்ள எடுக்கலாம்னு ஒரு வரி சேத்துரு" என்றார். என் வரி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவர் வரியையும் நானே டைப் அடித்தேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் கம்பெனியிலிருந்து முத்துக்குமரன் என்கிற என்ஜினியர் வந்தான். ஐஸ் பெட்டி, கண்ணாடி பாட்டில்கள், ரப்பர் கையுறை எல்லாம் சுத்தமாக வைத்திருந்தான். நல்ல பிள்ளை, ஓடை வாயில் நின்று மூக்கைப் பொத்தாமல் குறிப்பெடுத்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் பன்னிரண்டு நாள் மழைக்காகக் காத்துக்கிடந்தான். சென்னையில் பெய்கிறது, திருநெல்வேலியில் பெய்கிறது, விளாத்திகுளத்தில்கூடத் தூறியதாம். எங்கள் ஊரில் ஒரு பொட்டு இல்லை. சனிக்கிழமை கம்பெனியிலிருந்து அவனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். "மழை வந்தா ஒரு போன் போடுங்க மேடம், ஓடி வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினான்.

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கொட்டியது பாருங்கள் மழை! குடை ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக ஓடை வாய்க்கு ஓடினேன். நான் போய்ச் சேரவும் அது வரவும் சரியாக இருந்தது. முதலில் நாற்றம்தான் வந்தது. பின்னால் தார் மாதிரி கறுப்பாக, நுரையும் எண்ணெயும் கலந்து தண்ணீர் வந்தது. அதற்குள்ளே முழங்கால் மூழ்க நின்று மனுவேல் வலையை இழுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஏறுண்ணே! ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

"நாலு வல அங்கன கெடக்குளா! அடிச்சிட்டுப் போயிரும்!"

முத்துக்குமரனுக்குப் போன் போட்டேன். உடனே கிளம்புகிறேன் என்றான். ஆனால் தண்டவாளத்திலும் ரோட்டிலும் வெள்ளம், ரயிலும் பஸ்ஸும் ரத்து. விமானமும் இறங்காது. அரைமணி நேரம் என் கண்முன்னே ஓடிப்போயிற்று. சேசுவே, நான் என்ன செய்வேன்? பையிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு ஓடைத் தண்ணீரைப் பிடித்தேன். எதற்குப் பிடிக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை. என் கை படாமல் இருக்கத்தானே அவ்வளவு சண்டை போட்டேன்?

அவன் வந்து சேர்ந்தபோது வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி. இடைவிடாமல் பெய்த மழை ஓடையைக் கழுவி விட்டிருந்தது. பால் கம்மியாக ஊற்றிய டீ நிறத்தில் தண்ணீர் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று நாள் கெடு தீர இன்னும் மூன்று மணி நேரம் மிச்சம். அவன் கையுறை மாட்டிக்கொண்டு ஆறு பாட்டிலில் பிடித்து, சீல் வைத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கினான். ஒரு தப்புச் சொல்ல முடியாது.

என் பாட்டிலை அவன் முன்னால் வைத்தேன். அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கறுப்பு வண்டல் படிந்திருந்தது. மூடியைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனான்.

"இது திங்கட்கிழமை தண்ணி. இதையும் சேத்து எடுத்துட்டுப் போங்க தம்பி."

"மேடம், இதை நான் தொட்டா என் ரிப்போர்ட்டே செல்லாது. நீங்க போட்ட விதிதானே?"

"விதியத் தூக்கிக் குப்பையில போடுங்க! உங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? எங்கண்ணன் இதுக்குள்ள நின்னான்யா, புண்ணுக் காலோட!"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பாட்டிலைத் தொடவில்லை. "ஒரு தடவ ஆபீஸ் ஸ்டாஃப் பிடிச்ச தண்ணிய எடுத்துக்கிட்டா, அடுத்த ஊர்ல அவங்க குடுக்குற நல்ல தண்ணியவும் எடுத்துக்கத்தான் சொல்வாங்க மேடம்" என்றான். அவன் சொன்னது சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. எல்லா அளவும் வரம்புக்குள். கூடவே ஒரு சாட்சிப் படிவமும் இருந்தது. மாதிரி விதிப்படி மூன்று நாளைக்குள் எடுக்கப்பட்டது, அலுவலக ஊழியர் எவரும் தொடவில்லை, என் முன்னிலையில் சீல் வைக்கப்பட்டது. கீழே என் பெயர்.

"நான் போட மாட்டேன் சார்" என்றேன்.

செந்தில்வேல் சார் கோபப்படவில்லை. "போடாட்டா கீழ இருக்குற கட்டத்துல காரணம் எழுதணும்மா. எழுது. இதுல எது பொய்?"

பேனாவைத் திறந்துகொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தேன். லேட்டாக எடுத்தான் என்று எழுதலாமா? மூன்று நாள் என்று டைப் அடித்தவள் நான். முதல் தண்ணீரை எடுக்கவில்லை என்று எழுதினால், அங்கே நின்றவள் நான், அதைத் தொடக்கூடாது என்று விதி போட்டவளும் நானே. ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றுகூடப் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

சாயங்காலம் நேரே மனுவேல் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து வெந்நீரில் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். விரல் எடுத்த இடத்துக்குப் பக்கத்து விரல் கறுத்திருந்தது. டாக்டரிடம் போனாயா என்றேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் என்றான். மாற்றுத் துணியோடு வரவேண்டுமாம். அறிக்கை வந்ததைச் சொன்னேன். ஓடை இங்கேதான் விழும், இனி வேறு சோதனை கிடையாது என்றேன். கேஸ் திரும்பப் போட முடியுமா என்று கேட்டான். அறிக்கையை எதிர்த்துத்தான் போட வேண்டும், அதில் ஏதாவது தப்பு இருக்க வேண்டும் என்றேன்.

"தப்பு இருக்கா?"

"இல்லண்ணே."

துண்டால் காலைத் துடைத்தான். விரல் விரலாக, அவசரமில்லாமல் துடைத்தான்.

"சாட்சி யாரு போட்டது? நீயா?"

"நாந்தான்."

"அப்பம் சரி" என்றான். "ஒன் கையெழுத்து கெடக்குன்னா நம்ம தெருவுல ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாவ."