வாயை மறைத்த கை

தையற்கடைக்காரர் இருபத்தைந்து வருடமாக நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்பார். கத்திரிக்கோல் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கும், எடுக்கச் சோம்பல். கடைசியில் முன்பல் வேர்வரை விரிசல் விட்டு, பிடுங்க வேண்டியதாகிவிட்டது.

பல் டாக்டர் எலும்புக்குள் திருகாணி வைத்தார். "இது எலும்போட சேர நாலு மாசம் ஆகும். அப்புறம்தான் மேல பல்லு. அதுவரைக்கும் பக்கத்துப் பல்லோட ஒண்ணை ஒட்டி வைக்கலாம், இல்லைன்னா பல்லு வச்ச, கழட்டி மாட்டுற தகடு. உங்க கடிக்கு ஒட்டுனது நிக்காது, தகடே போதும். ஆனா நூலு கீலு கடிச்சீங்கன்னா போச்சு."

பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தார். பத்தாம் நாள் ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்தவர், பழக்கதோஷம், நூலைக் கடித்தார். தகட்டுப் பல் முறிந்து மடியில் விழுந்தது. சரிசெய்து தர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

அன்றிலிருந்து இடது கை வாயைவிட்டு இறங்கவில்லை. கடைக்கு வருபவர்களிடம் மறைத்தால் மறைத்துவிட்டுப் போகட்டும். மனைவியிடமும் மறைத்தார் பாருங்கள், அதுதான் மகா தப்பு. அவளுக்குப் பன்னிரண்டு வயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது. நன்றாகப் பேசுவாள்; அடுத்தவர் பேச்சை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். கல்யாணமான நாள்முதல் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து பேசிய மனிதர், ஐம்பது வயதில் வெட்கம் வந்து, எல்லாவற்றையும் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார்.

"என்கிட்ட என்னங்க வெட்கம்? உங்க மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்குறேனா?"

'பல் வந்ததும் பேசுறேன்' என்று எழுதிக் காட்டினார். அவள் சீட்டைக் கசக்கிப் போட்டாள். அவர் குரலை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை; அந்த உதடுதான் அவளுக்குக் குரல். அது இல்லாமல் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

நான்காம் நாள் மத்தியானம் போன் வந்தது. அவளுடைய அண்ணன், அப்பா இல்லாத குறை தெரியாமல் அவளை வளர்த்தவர், வேலை செய்யும் இடத்திலேயே நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார்.

தையற்கடைக்காரர் பேனாவைத் தேடி எடுத்தார். 'உன் அண்ணன்' என்பதுவரை எழுதினார். அதற்குமேல் கை ஓடவில்லை. இதையும் சீட்டில் நீட்டிவிட்டு, அவள் படித்து முடிக்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதா? தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மிஷினில் ஓரம் அடித்துக்கொண்டிருந்தவளின் தோளைத் தொட்டார். சன்னல் வெளிச்சத்தில் போய் நின்று, கையை இறக்கினார்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பதான் வழிக்கு வந்தீங்களா?"

"அண்ணன் போயிட்டாரும்மா."

சிரிப்பு அப்படியே நின்றது. அவருடைய ஓட்டை வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்துகூட அவளுக்குத் தப்பவில்லை என்று அவருக்குத் தெரியும்.

"பல்லு இல்லாததால சரியாத் தெரியலைங்க," என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொன்னார்.