ஹீட்டர் மேல் போன பழி

வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹனாதி ஹீட்டர் சுவிட்சைத் தட்டினாள், வீடு மொத்தமும் அணைந்துபோனது. தெரு ஜெனரேட்டர்காரர் தரும் ஐந்து ஆம்பியரில் வாஷிங் மெஷினும் ஹீட்டரும் சேர்ந்து ஓடாது என்பது பெய்ரூத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். அரசாங்கக் கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்துப் போட்டுவிட்டாள், பாவம்.

அவள் கணவன் வஜ்தி கீழே ஓடிப்போய் மெயினைத் தூக்கிவிட்டு வந்தான். விளக்கெல்லாம் எரிந்தது. படம், பாட்டு, பேச்சு எல்லாம் சேர்த்து வைக்க அலமாரியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியில் மட்டும் சிவப்பு விளக்கு சிமிட்டியது.

ஹனாதியின் அப்பா அபு ரம்சிக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரலையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அவரைப் பேசவிட்டு, பாடவிட்டு, திட்டவிட்டு அவள் பதிந்து வைத்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். போனில் இடம் அடைக்கிறது, அழித்துவிடு, பெட்டியில் இரண்டு டிஸ்க் இருக்கிறது, ஒன்று போனாலும் இன்னொன்றில் இருக்கும் என்று பீற்றிக்கொண்டவன் வஜ்தி.

பெட்டியை அமைத்துக் கொடுத்த மரூனுக்குப் போன் போட்டான். கரண்ட் போன நேரம் போனிலிருந்து பெட்டிக்குப் படங்கள் ஏறிக்கொண்டிருந்ததையும் சொன்னான்.

"பெட்டி டிஸ்க்குல எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனா ரெண்டு டிஸ்க்கும் சேர்ந்துதாண்ணே குழம்பும். இனிமே அதுல ஒண்ணும் தேறாது. கரண்ட் போனாலும் பெட்டி அணையக் கூடாதுன்னு யு.பி.எஸ். மாட்டிக் கொடுத்தேனே, அது என்ன ஆச்சு?"

யு.பி.எஸ். கூடத்தில் டிவிக்குக் கீழே இருந்தது. போன வாரம் மேட்ச் நடுவில் டிவி அணையக் கூடாதென்று வஜ்திதான் பிடுங்கிக்கொண்டு போனான். ஆட்டம் முடிந்ததும் திருப்பி மாட்டலாம் என்றிருந்தான். படுபாவி, மறந்தே போனான்.

இனி ஒன்றும் தேறாதாம் என்று மட்டும் வஜ்தி சொன்னான். "என் கை விளங்காமப் போக," என்று ஹனாதி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "என்னாலதான்."

சொல்லித் தொலை, சொல்லித் தொலை என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் பெட்டியின் ஒயரைத் திரும்பத் திரும்பப் பிடுங்கிச் சொருகினான்.

அவள் நேரே அப்பாவிடம் போய்க் காலடியில் உட்கார்ந்தாள்.

"பாபா, உங்க குரலை நான்தான் அழிச்சிட்டேன். ஹீட்டரைப் போட்டுத் தொலைச்சேன். மன்னிச்சிடுங்க."

பெரியவர் அவள் தலையைத் தடவினார். ஏதோ சொல்ல வாயசைத்தார், காற்றுதான் வந்தது. அதற்கு மேல் வஜ்தியால் தாங்க முடியவில்லை.

"ஹனாதி, ஹீட்டர் இல்ல. யு.பி.எஸ்ஸை நான் எடுத்துட்டேன். மேட்ச் பார்க்க."

கத்துவாள் என்று நினைத்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்தே, மறந்துட்டே. சரி, மனுஷன்னா மறக்கத்தான் செய்வான். நான் இவர் கால்ல விழுற வரைக்கும் எதுக்குப் பார்த்துக்கிட்டு நின்னே?"

குரல் இருந்தும் பேசாமல் நின்ற வஜ்தியின் வாயையே பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார்.