சாத்தாத யன்னல்

யன்னலைச் சாத்தினால் குருவிக்கூடு விழும். சாத்தாவிட்டால் யானை வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு, இளையதம்பி ஒரு கிழமையாகச் சோறு தண்ணி இறங்காமல் திரிந்தான்.

குடியேற்றத் திட்டத்தில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடு. ஒரு அறை, முன்னால் விறாந்தை, பின்னால் சமைக்கக் குசினி, அவ்வளவுதான். மாசியில் வெட்டிச் சூடடித்த நெல் முழுவதும் அந்த ஒரே அறையில் மூட்டை மூட்டையாய்க் கிடந்தது. புது நெல் வாசத்துக்குக் காட்டு யானை எவ்வளவு தூரமும் நடந்து வரும் என்பது கிளிநொச்சிப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொழுதுபட முன்னம் எல்லா வீட்டிலும் யன்னலைச் சாத்திக் குறுக்குக் கட்டை போட்டுவிடுவார்கள். இந்த வீட்டு யன்னல் மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது. உட்பக்கம் திறந்திருந்த பலகைக் கதவுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு குருவிச் சோடி வைக்கோலை அடைத்துக் கூடு கட்டி, முட்டையும் இட்டுவிட்டது. கதவை அசைத்தால் கூடு நிலத்தில்.

அவன் மனைவி சிவனேஸ்வரிக்கு ஆறு மாதம். வயிற்றில் பிள்ளை இருக்கிற வீட்டில் கூடு கலைக்கக் கூடாது என்பார்கள். அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள் இல்லை, அவன்.

“இஞ்சாருங்கோ, கூட்டைப் பக்குவமாய் எடுத்துத் தாழ்வாரத்துக்குள்ள வைப்பம். யன்னலைச் சாத்துவம்.”

“அதில கை வைக்காதையும். குஞ்சு பறக்கட்டும்.”

“முட்டையே இன்னும் பொரிக்கேல்லை.”

“சொன்னால் கேளும்.”

பிடிவாதமென்றால் அப்படி ஒரு பிடிவாதம். ஆனால் அதற்கு அடியில் இருந்தது பயம். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் அவள் வயிற்றில் தங்கவில்லை. முதல் தரம், காடு வெட்டிய நாட்களில், அவன் ஒரு பாலை மரத்தைத் தறித்தான். மரத்தோடு கூடும் குஞ்சுகளும் வந்து விழுந்தன. அடுத்த மாதம் பிள்ளை போயிற்று. இரண்டாம் தரம் வேலி அடைக்கப் போய் ஒரு புற்றை வெட்டினான். அதுவும் போயிற்று. தன் கைதான் தன் பிள்ளைகளைத் தின்றது என்று நம்பினான் மனிதன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் அவள் தன் முகத்தில் முழிக்க மாட்டாள் என்று நினைத்தான்.

அன்று பொழுது படுகிற நேரம். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றவனுக்கு மரம் முறிகிற சத்தம் கேட்டது. கூடவே குருவிகள் கத்தின. விழுந்தடித்து ஓடி வந்து அறை வாசலில் நின்றான்.

யன்னலை யானையின் தலை அடைத்துக்கொண்டு நின்றது. மரச்சட்டங்கள் முறிந்து கிடந்தன. தும்பிக்கை உள்ளே வந்து மூட்டைகளைத் தடவிக்கொண்டிருந்தது. மூட்டைகளுக்கு அந்தப் பக்கம், மூலையில், நெல் அள்ளிய சுளகை நெஞ்சோடு பிடித்தபடி சிவனேஸ்வரி. வாசலுக்கு வருவதென்றால் தும்பிக்கைக்குக் கீழால்தான் வர வேண்டும். அசையாதே என்று கையைக் காட்டினான். அவள் மூச்சுக்கூட விடவில்லை.

பக்கத்து வளவுக் கனகலிங்கம் யானை வெடியோடு ஓடி வந்தார். திரியில் நெருப்பு ஏறியாகிவிட்டது.

“விலகு தம்பி. இதைப் போட்டால் ஓடிடும்.”

ஓடும்தான். தலையை யன்னலுக்குள் கொடுத்திருக்கிற யானை வெருண்டால் மண்கல் சுவரையும் பிடுங்கிக்கொண்டல்லவா ஓடும்? அந்தச் சுவர் அவள் தலையில் விழும். விளக்கம் சொல்ல நேரமில்லை. இளையதம்பி எரிகிற திரியை விரல்களால் நசுக்கினான். தோல் பொசுங்கியது.

“அண்ணை, அவ உள்ளுக்கை நிக்கிறா.”

கனகலிங்கம் அப்படியே குந்திவிட்டார்.

யானை ஒரு மூட்டையைக் கிழித்தது. ஒரு போகத்துப் பாடு நிலத்தில் கொட்டியது. தின்னு ராசா, எல்லாத்தையும் தின்னு, அவளை மட்டும் விட்டிடு என்று அவன் மனதுக்குள் மன்றாடினான். தும்பிக்கை நெல்லை அள்ளி வாய்க்குள் போட்டுவிட்டு மெல்ல மூலைப் பக்கம் நீண்டது. அவளுடைய வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி நின்று மோந்தது.

சிவனேஸ்வரி சுளகை மெதுவாக முன்னால் நீட்டினாள். யானை அதைப் பிடித்து வெளியே இழுத்தது. பிறகு ஒரு மூட்டையையும் இழுத்து விழுத்திக்கொண்டு, காட்டுப் பக்கம் திரும்பிப் போயிற்று.

இளையதம்பி உள்ளே பாய்ந்தான். அவளைப் பிடித்தான். பிடித்த கையோடு அவன் கண் யன்னல் கதவுக்குப் போனது.

“கூடு விழேல்லை,” என்றான்.

அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

“இப்பவும் அதையே பாக்கிறியள்?”

“என்ர கையாலதான் சிவனேசு ரெண்டும் போனது. அந்தப் பாலை மரம்... பிறகு அந்தப் புத்து...”

“எனக்குத் தெரியும். நித்திரையில புலம்புறனியள். ரெண்டு தரமும் குளிர்காய்ச்சலில நான் கிடந்து நடுங்கினது உங்களுக்கு மறந்து போச்சோ? காய்ச்சல் கொண்டுபோன பிள்ளையள் அதுகள். மரத்தாலயும் போகேல்லை, புத்தாலயும் போகேல்லை.” அவள் மூச்சு வாங்கினாள். “இண்டைக்கு வயித்தில இருக்கிற இது போயிருந்தால், அதுதான் உங்கட கையால போயிருக்கும்.”

கனகலிங்கம் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அவள் கொட்டிய நெல்லுக்குள் காலை வைத்து யன்னலடிக்குப் போகப் பார்த்தாள். அவன் மறித்து, தானே மூட்டையில் ஏறி, இரண்டு கையையும் கூட்டுக்கு அடியில் கொடுத்தான்.

“நடுங்காமல் எடுங்கோ,” என்றாள் கீழே நின்று. “முட்டை உடையப் போகுது.”