ஐந்து கிரெடிற்றுக்கு நின்ற மேளம்

பங்குனி உத்தரத்தன்று மதியப் பூசையில், இரண்டு கூட்டம் மேளத்தையும் ஒன்பது ஒலிபெருக்கிகளையும் முந்நூறு பக்தர்களையும் ஒரேயொரு சிவப்புக் கொடியால் நாற்பது நிமிடம் ஊமையாக்கியவன் நான். அந்த நேரம் பண்டத்தரிப்பில் காகம்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தது. இதெல்லாம் நடக்கவேயில்லை என்று நின்றவர் ஊரில் ஒருவர்தான்: கோயில் செயலாளர் ஏரம்பு.

“நடராசாவின்ரை வாயிலை ரயில் தண்டவாளம் இல்லாமலே ஓடும்,” என்று சொல்லித் திரிந்தார். “மேளம் ஒரு நிமிசமும் நிக்கேல்லை.”

முப்பத்தொரு வருடம் ரயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சூரியன் உதிப்பதாக எனக்கு ஓர் எண்ணம். பிழை அங்கேதான் தொடங்கியது.

என் தங்கை பத்மாசினியின் மகள் சாருஜா பொறியியல் மூன்றாம் வருட மாணவி. பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனியில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு அரை வருடம் போய்வந்தாள். அங்கே பாடங்களுக்கான புள்ளியாக முப்பது கிரெடிற் எடுத்தால்தான் இங்கே அந்த அரை வருடம் செல்லும். ஒன்று குறைந்தாலும் எல்லாம் பூச்சியம். அவளிடம் இருபத்தைந்து இருந்தது. மிச்சம் ஐந்தும் நிலத்தடி நீர்ப் பாடத்தின் வாய்மொழிப் பரீட்சையில். அந்தக் கிழமை பார்த்துக் காய்ச்சலில் விழுந்தாள். விசா முடிய ஊருக்கு வந்துவிட்டாள். பேராசிரியர் மனமிரங்கி, இணையத்தில் நடத்துகிறேன் என்றார். ஒரு தரம் மட்டும். அறையில் தனியே இருக்க வேண்டும். வேறொரு குரல் கேட்டால் விசாரணை. தவறினால், கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்க இவள் ஒரு வருடம் பின்னால் நிற்க வேண்டும்.

அவர்களுக்குக் காலை ஒன்பது மணி. வித்தியாசம் நாலரை மணித்தியாலம். எங்களுக்கு ஒன்றரை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். வீடு கோயில் மதிலுக்குப் பக்கத்தில் என்றாலும், அந்நேரம் ஊர் முழுக்க அன்னதானப் பந்தியில் இருக்கும். நல்லூரில் சிநேகிதி வீட்டிலிருந்து செய்கிறேன் என்ற பிள்ளையை மறித்தவனும் நான்தான்.

அன்று பன்னிரண்டு ஐந்துக்கு அவளுடைய கைபேசியில் செய்தி வந்தது: பரீட்சைக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம். மூன்று நாளுக்கு முன் அந்த நாட்டார் தங்கள் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்தள்ளிவிட்டார்களாம். கோடை வந்தால் அப்படிச் செய்வார்களாம். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

“மாமா, பன்னிரண்டரைக்காம்,” என்றாள். “பூசை நேரம்.”

குரல் ஏறவேயில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். தவில் அடியில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நல்லூருக்குப் பறந்தாலும் நேரம் காணாது.

பழைய பெட்டியைக் கவிழ்த்துச் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் வேகத்தில் வேலி ஓலைகள் பிய்ந்து பின்னால் வந்தன.

கோயில் வாசலில் கதிரை போட்டு ஏரம்பு இருந்தார்.

“நாற்பது நிமிசம் மேளத்தை நிப்பாட்டும்.”

“விசரே உமக்கு? உத்தரத்திலை மேளம் நிண்டால் ஊர் என்னையல்லோ கிழிக்கும்.”

“அப்ப பூசையைப் பிந்தி வையும்.”

“முருகன் என்ன உம்மடை ரயிலே, பிந்தி வாறதுக்கு?”

அவரைத் தாண்டிப் போய் நாதஸ்வரக்காரர் முன்னால் கொடியை விரித்தேன். அவர் கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தார். ஆட்டினேன். வீசினேன். பன்னிரண்டு இருபது. ஒரு ரயிலும் என்னை இப்படி அவமதித்ததில்லை. பிள்ளையின் வருடத்தை நானே தின்றுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பின்னால் பத்மாசினி வந்தாள். செருப்போடு உள்ளே வந்திருந்தாள்; அவளுக்கே தெரியாது. நாதஸ்வரக்காரர் காலடியில் அமர்ந்து, “ஐயா, பிள்ளைக்குச் சோதினை,” என்றாள்.

நாதஸ்வரம் வாயை விட்டு இறங்கியது.

“சோதினையே? முதலே சொல்லுறதில்லையே, அம்மா,” என்றார் அவர். தவில்காரரின் கையைப் பிடித்தார்.

யாழ்ப்பாணத்தில் பரீட்சையைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. ஒலிபெருக்கிக்காரன் கஜானன் வயரையே பிடுங்கினான். குருக்கள் மணியின் நாக்கைத் துணியால் சுற்றினார். ஆளுக்காள் காதில் சொல்லிச் சனம் அடங்கியது. பன்னிரண்டு நாற்பதுக்கு மூலஸ்தானத் திரை விலகியது. முந்நூறு வாய்கள் சத்தமில்லாமல் திறந்தன. ஒரு வாய் மட்டும் பழக்கத்தில், “அரோகரா” என்று முழங்கியது. ஏரம்புவின் வாய்.

ஒரு கிழமை கழித்துப் பேராசிரியரின் மின்னஞ்சல் வந்தது. பதில்கள் திறம். ஆனால் பத்தாவது நிமிடத்தில் ஓர் ஆணின் குரல். யார் அவர், என்ன சொல்லிக்கொடுத்தார்? குரலுக்குரியவரே இணையத்தில் வந்து விளக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து கிரெடிற்றும் இல்லை.

ஏரம்புவோ, மேளம் நிற்கவேயில்லை என்று அதற்குள் நிர்வாகசபையில் சாதித்துவிட்டார். “இனி மாத்திக் கதைக்கேலாது,” என்று படலையைச் சாத்தினார். சாருஜா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தாள், பின்னால் நான். திரையில் பேராசிரியர் காத்திருந்தார்.

“மாமா, இண்டைக்கு இல்லையெண்டால் பேந்து இல்லை,” என்று படலைக்கு வந்த ஏரம்புவிடம் சொன்னாள். “நீங்கள் என்ன சொன்னாலும் அப்பிடியே இங்கிலிசிலை சொல்லுவன். மேளம் நிக்கேல்லை எண்டாலும் அதைத்தான் சொல்லுவன்.”

ஏரம்பு என்னை முறைத்தார். பிறகு அவளுடைய ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சொல்லு, பிள்ளை,” என்றார். “மேளம் நிண்டது. நாற்பது நிமிசமும் நிண்டது. கத்தினது நான்தான்.”