விளக்குக் கம்பத்துக்குப் பரிவட்டம்

பிரீத்திக்கு அந்த வருடம் வேறு ஆசை எதுவும் இல்லை. பெண்கள் விடுதியிலிருந்து நூலகத்துக்குப் போகிற மண்பாதையில் ஒரு விளக்கு எரிய வேண்டும். நகை கேட்டாளா, நட்டுக் கேட்டாளா? ஒரே ஒரு விளக்கு.

சங்ககிரியிலிருந்து எடப்பாடி போகிற வழியில் இருக்கிறது அந்தப் பல்கலைக்கழகம். பிரீத்தி அங்கே பொருளாதாரம் நடத்துகிறாள். கூடவே பெண்கள் விடுதிக்குத் துணைக் காப்பாளர். சாயங்காலம் ஆறு அடித்தால் காவலாளி சின்னான் விடுதிக் கேட்டைப் பூட்டிவிடுவார். பையன்களுக்கு அந்தப் பூட்டு கிடையாது. அவர்கள் ஒன்பது மணிவரை நூலகத்தில் காலை ஆட்டிக்கொண்டு படிப்பார்கள். பெண்கள் வகுப்பு முடிந்து, டீயை வாயில் ஊற்றிக்கொண்டு ஓடினால் அரைமணி நேரம் கிடைக்கும். வெளியே தராத புத்தகங்களை அதற்குள் மோந்துதான் பார்க்கலாம்.

"பசங்க படிச்சுப்போட்டு வந்து எங்களுக்குக் கதை சொல்றானுங்க மேம்," என்றாள் சௌந்தர்யா. எருமப்பட்டிப் பெண், முதுகலை இறுதியாண்டு, வாய் கொஞ்சம் நீளம். "சித்திரைல பரீட்சை. அவனுங்க சொன்ன கதையவா எழுதறது?"

பிரீத்தியும் ஒரு காலத்தில் இதே கேட்டுக்குப் பின்னால் நின்று, எதிரே நூலக வெளிச்சத்தைப் பார்த்து வயிறெரிந்தவள்தான். அந்தக் கேள்வி சுருக்கென்று குத்தியது. "தீபாவளி லீவு முடிஞ்சு வாங்க சாமி. ஒம்பது மணி வரைக்கும் நீங்களும் படிப்பீங்க. நான் பொறுப்பு," என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அப்போது அவள் நாக்கில் சனி உட்கார்ந்திருந்ததை யார் கண்டார்கள்!

ஆரம்பம் என்னவோ அமோகம்தான். ஆட்சிக்குழு அவள் மனுவை எடுத்து, ஆறு மணிப் பூட்டை ரத்து செய்தே தீர்மானம் போட்டது. இனி ஒன்பது வரை பெண்கள் படிக்கலாம். ஒரே நிபந்தனை, பாதையில் விளக்கு எரிய வேண்டும். எரிகிற நாளிலிருந்து தீர்மானம் செல்லும். புளியமரங்களுக்கு நடுவே போகிற பாதை, பாம்பு நடமாட்டம் உண்டு. நியாயமான நிபந்தனை என்றுதான் பிரீத்தியும் நினைத்தாள். 'உரிய குழுக்கள் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு விளக்கு அமைக்கும்' என்று ஒரு கடைசி வரி இருந்தது. அந்த வரிதான் அவளை நாயாக அலையவிட்டது.

கட்டடக் குழுத் தலைவர் ஜீவானந்தம், இயற்பியல் பேராசிரியர். தங்கமான மனுஷர். எதையும் முடியாது என்று சொல்லவே மாட்டார், சிக்கலே அதுதான்.

"கம்பம் நடறது எங்க குழு வேலைதானுங்க மேடம், நான் இல்லைன்னு சொல்லலீங்களே. ஆனா குழி தோண்டற மண்ணு தோட்டக் குழுவுதுங்க. அவங்க தோண்டட்டும், மக்யா நாளே நட்டுப்போடறேன்."

தோட்டக் குழுவில் போய்க் கேட்டால், "கம்பம் வந்து எறங்குனாத்தானுங்க குழி. வெறுங்குழில ஆராச்சும் உழுந்து காலை ஒடச்சுக்கிட்டா எங்க தலையில உடியும்," என்றார்கள். மின்சாரக் குழுவோ, கம்பம் நின்றால்தான் பல்பு என்றது. நிதிக்குழுத் தலைவர் வெள்ளியங்கிரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பல்பு எரிஞ்சா பில்லு வருமுங்கல்ல? அதை எந்தத் தலைப்புல எழுதறது? தலைப்பு இல்லாத செலவு தலையில்லாத முண்டமுங்க," என்றார்.

இதில் கூத்து என்னவென்றால், மின்சாரக் குழுவுக்கும் ஜீவானந்தமேதான் தலைவர். கட்டடக் குழுத் தலைவர் என்ற முறையில் அவர் மின்சாரக் குழுத் தலைவருக்கு, அதாவது தனக்கே, ஒரு கடிதம் எழுதியிருந்தார். தீபாவளி போய்ப் பொங்கலும் போயிற்று, பதில் இல்லை.

"நினைவூட்டல்கூட அனுப்பியிருக்கேனுங்க மேடம்," என்றார் மெய்யான வருத்தத்தோடு. "அந்தக் குழுவுல ஆரும் கண்டுக்கறதே இல்லீங்க."

ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதைதான். பிரீத்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சௌந்தர்யா இப்போதெல்லாம் ஒன்றும் கேட்பதில்லை. போகும்போது பாதையை ஒரு பார்வை, பிரீத்தியை ஒரு பார்வை, அவ்வளவுதான். அது வாய் நீளத்தைவிட மோசமாக இருந்தது.

அந்த மாசி மாதத்தில்தான் அப்பாவிடமிருந்து போன் வந்தது. எடப்பாடியில் விசைத்தறி வைத்திருக்கிறார். அங்கே மாரியம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. பேச்சில் தீப்பொறி பறந்தது.

"கண்ணு, இந்த அநியாயத்தைக் கேளு! மாரியாயி நோம்பி நோட்டீஸ்ல நம்ம பேரை மூணாவதாப் போட்டுப்போட்டானுங்க. தீப்பந்தம் புடிக்கறது பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து நம்முளுது. கொஞ்சம் அசந்தா பங்காளி கைக்கு மாத்தீருவானுங்க. உட்ருவனா நானு? தறியை நிறுத்திப்போட்டுக் காத்தால இருந்து கோயல்லயே உக்கோந்திருக்கறேன்!"

"ஏனுங்கப்பா, கை சுடுது, எண்ணெச் செலவும் நம்முளுது. புடிக்கறவங்க புடிச்சுட்டுப் போகட்டுமே."

"என்ன பேச்சுப் பேசற? அதென்ன வேலையா? மருவாதை!"

பிரீத்தி அந்தச் சொல்லைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடடா, இத்தனை நாளும் இந்தப் புத்தி எங்கே போயிருந்தது! வேலை என்றால் அடுத்தவன் தலையில் தள்ளுவார்கள். மரியாதை என்றால் அடுத்தவன் தலையை மிதித்துக்கொண்டு ஓடிவருவார்கள்.

"சிரிக்கறயா நீயி?" என்று அப்பா பொங்கினார்.

"உங்க வாய்க்குச் சக்கரை போடோணுமுங்கப்பா!" என்று போனை வைத்தாள்.

மறுநாளே சங்ககிரியில் கோயில் நோட்டீஸ் அடிக்கிற அச்சகத்துக்குப் போனாள். மஞ்சள் தாள், சிவப்பு மை, மேலே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. 'விளக்கேற்றும் பெருவிழா' என்று கொட்டை எழுத்து. குழி எடுக்கும் உரிமை தோட்டக் குழுவுக்கு, கம்பம் நடும் உரிமை கட்டடக் குழுவுக்கு, விளக்கு மாட்டும் உரிமை மின்சாரக் குழுவுக்கு, பில் கட்டும் புண்ணியம் நிதிக்குழுவுக்கு. ஒவ்வொரு குழுத் தலைவருக்கும் தலையில் பரிவட்டம் கட்டி மரியாதை செய்யப்படும். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'முன்வராத குழுவின் உரிமை அடுத்த குழுவைச் சேரும்.' அனுமதி வாங்கினாளா என்றால் இல்லை. எந்தக் குழுவிடம் கேட்பது?

நோட்டீசை எல்லார் கதவிலும் ஒட்டி, வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டாள். அவ்வளவுதான், பல்கலைக்கழகமே கிறுகிறுத்துப் போயிற்று.

மதியத்துக்குள் தோட்டக் குழு வந்து ஐந்து குழி தோண்டிவிட்டது. ஒன்றுதானே வேண்டும் என்றதற்கு, "ஒண்ணுல பாறை வந்துச்சுன்னா உரிமை போயிருமுங்க," என்றார்கள். ஐந்து குழியைப் பார்த்த ஜீவானந்தம் பதறிப்போய் சங்ககிரி லாரி ஒன்றைப் பிடித்து ஐந்து கம்பம் இறக்கினார். குழிக்கு ஒரு கம்பம் குறைந்தாலும் கட்டடக் குழுவின் மானம் என்னாவது? இறக்கிய கையோடு நேராகப் பிரீத்தியிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், நான் ரெண்டு குழுவுக்குத் தலைவருங்க."

"ஆமாங்க சார்."

"அப்ப எனக்கு ரெண்டு பரிவட்டமுங்களா?"

"ரெண்டுங்க சார்."

"அப்பச் செரி," என்று முகமெல்லாம் பல்லாகப் போனார். அன்று மாலையே, மின்சாரக் குழுவிடமிருந்து கட்டடக் குழுவுக்கு 'சம்மதம்' என்று பதில் வந்துவிட்டது.

வெள்ளியங்கிரிக்கும் தலைப்பு கிடைத்துவிட்டது. "'இதர மங்கல காரியங்கள்'னு புதுசா ஒரு தலைப்புத் தொறந்தாச்சுங்க," என்றார். "இத்தனை வருசமா அது இல்லாம எப்படி இருந்தமோ தெரியலைங்க."

விழா நாளும் வந்தது. பையன்கள் எங்கிருந்தோ தப்பட்டை கொண்டுவந்து அடி அடியென்று அடித்தார்கள். தலைவர்களுக்குப் பரிவட்டம் கட்டியாயிற்று. ஜீவானந்தத்தின் தலையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. கம்பங்கள் குழிக்குள் இறங்கியதும் பெண்களுக்கு ஊர் நோம்பி ஞாபகம் வந்துவிட்டது. மாரியம்மன் கோயிலில் நட்ட கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்களே, அதே ஞாபகம். மெஸ் வாளியில் மஞ்சளைக் கரைத்துத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"அய்யய்யோ, கரண்டுக் கம்பமுங்க அது!" என்று குறுக்கே விழுந்தார் எலக்ட்ரீசியன் மாதையன்.

"கனெக்சன் குடுத்தாச்சுங்களாண்ணா?" என்றாள் சௌந்தர்யா.

"இன்னும் இல்லீங்க."

"அப்ப ஊத்தலாம்!"

ஊற்றினார்கள். கம்பத்தில் பாதி, மாதையன்மேல் பாதி. துடைத்துக் காயவைத்துக் கனெக்சன் கொடுப்பதற்குள் அந்த மனுஷர் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை எந்தக் குழுவும் பதிவு செய்யவில்லை.

பொழுது சாய்ந்ததும் விசையைத் தட்டினார்கள். ஒரு விளக்கு கேட்ட இடத்தில் ஐந்து விளக்கு! மண்பாதையில் எறும்பு ஊர்வதுகூடத் தெரிந்தது. பெண்கள் ஓவென்று கூவிக்கொண்டு, நோட்டும் பேனாவுமாக நூலகத்தைப் பார்த்து ஓடினார்கள். பின்னாலேயே தப்பட்டை. அதற்குப் பின்னால் பரிவட்டங்கள். பிரீத்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினாள்.

நூலகம் பூட்டிக் கிடந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. பையன்களை எல்லாம் வெளியே அனுப்பிப் பூட்டிவிட்டு, படியில் சாவியோடு உட்கார்ந்திருந்தார் முத்தாயம்மாள், தமிழ்த்துறைப் பேராசிரியர், நூலகக் குழுத் தலைவர். கையில் அந்த மஞ்சள் நோட்டீஸ்.

"ஏனுங்க மேடம், இதுல என்ர குழு பேரு எங்கீங்க?"

பிரீத்தி தலையில் அடித்துக்கொண்டாள். பாதையையே நினைத்துக்கொண்டிருந்தவள், பாதை போய்ச் சேருகிற இடத்தை மறந்துவிட்டாள்! நோம்பி நோட்டீசில் ஒரு வீட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? எடப்பாடிக்காரிக்கு இது தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்!

"தப்புத்தானுங்க மேடம். மன்னிச்சுப்போடுங்க. இந்தப் புள்ளைங்க முகத்துக்காகவாச்சும்..."

"புள்ளைங்க மேல எனக்கென்னங்க கோவம்? முறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல. முறைப்படி என்ர ஊட்டுக்கு வந்து அழைங்க. வாரேன்." ஸ்கூட்டரை உதைத்து, சாவியோடு குடியிருப்பைப் பார்த்துப் போயே போய்விட்டார்.

விடுவார்களா? மெஸ்ஸிலிருந்து ஒரு தட்டு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம். தப்பட்டை திரும்பியது, கூட்டமும் திரும்பியது. போய்ப் பார்த்தால் முத்தாயம்மாள் அதற்குள் பட்டுப்புடவைக்கு மாறி, தலையில் பூவும் வைத்து வாசலில் தயாராக நிற்கிறார்! பிரீத்தி தட்டை நீட்டினாள். அவர் தட்டைப் பார்த்தார், வந்தவர்களின் தலைகளைப் பார்த்தார்.

"பரிவட்டம்?"

செய்தது நான்குதான். எல்லார் கண்ணும் ஜீவானந்தத்தின் தலைக்குப் போயிற்று. அவர் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார்.

"சார்," என்றாள் சௌந்தர்யா. குரலில் கேலி இல்லை. "விளக்கு எரியுதுங்க சார். உள்ள போய் உக்காரத்தான் முடியலை."

மனுஷர் திணறிப்போனார். "எந்தக் குழுவுதைக் கழட்டறதுன்னு நான் மட்டும் முடிவு பண்ண முடியாது கண்ணு. ரெண்டு குழுவையும் கூட்டோணும்," என்றார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். உதடு முணுமுணுத்தது. ஒருமுறை பலமாகத் தலையாட்டினார், ஒருமுறை மறுத்து ஆட்டினார். கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. கண்ணைத் திறந்தார்.

"கூட்டியாச்சுங்க. மின்சாரக் குழு உட்டுக்குடுக்குது. ஒருமனதா நெறவேறுச்சு."

மேலே இருந்ததை அவரே அவிழ்த்துக் கொடுக்க, பிரீத்தி அதை முத்தாயம்மாளின் தலையில் கட்டினாள். பையன்கள் அடித்த அடியில் தப்பட்டை கிழிந்தது.

நூலகம் திறந்தது. பெண்கள் உள்ளே பாய்ந்து மேசை மேசையாகப் பிடித்தார்கள். சௌந்தர்யா இத்தனை மாதமாகக் கதையாக மட்டும் கேட்ட தடித்த புத்தகத்தை மார்போடு தூக்கிவந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்தாள். பிரீத்திக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கட்டும், என்ன இப்போது!

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தாள். ஊர்வலத்திலேயே பொழுது போய்விட்டது. ஒன்பது ஆகப்போகிறது. நூலக வாசலில் சின்னான் விடுதிக் கேட்டின் பூட்டோடு வந்து நிற்கிறார். சௌந்தர்யா இன்னும் இரண்டாவது பக்கம்கூடத் திருப்பவில்லை.

"மேடம், ஒரு சந்தேகமுங்க," என்றார் சின்னான். "ஆறு மணிக்குப் பூட்டுன்னு எனக்கு உத்தரவு இருந்துச்சு. விளக்கு எரிஞ்சதும் அது ரத்தாயிருச்சுங்க. ஒம்பதுக்கு ஆரு பூட்டோணும்னு ஒரு உத்தரவும் இல்லீங்களே. நோட்டீஸ்லயும் போடலை. கேட்டைப் பூட்டறது எந்தக் குழுவோட முறைங்க?"

பரிவட்டங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பூட்டுவதில் என்ன மரியாதை இருக்கிறது? தினமும் ராத்திரி எழுந்து போக வேண்டும், ஒரு பெண் வராவிட்டால் பதில் சொல்ல வேண்டும். சுத்தமான வேலை.

"அது எங்குளுது இல்லீங்க," என்றது தோட்டக் குழு. "தலைப்பே இல்லீங்களே," என்றார் வெள்ளியங்கிரி. நூலகக் கதவு வரைக்கும்தான் தன் குழு என்றார் முத்தாயம்மாள். கேட்டு இரும்பு என்பதால் கட்டடம், ஆனால் அதன்மேல் விளக்கு இருப்பதால் மின்சாரம் என்றார் ஜீவானந்தம்.

பிரீத்தி சிரிப்பை உதட்டுக்குள் கடித்துக்கொண்டாள். முகத்தில் பணிவைக் கொண்டுவந்தாள்.

"இதை நாம அவசரப்பட்டு முடிவு பண்ணக் கூடாதுங்க சார். உரிய குழுக்கள் பொறுப்பைப் பகிர்ந்துக்கட்டும். நீங்களே மின்சாரக் குழுவுக்கு ஒரு கடுதாசி எழுதிக் கேட்டுருங்களேன்?"

"எழுதீர்றேனுங்க மேடம். நாளைக்கே எழுதீர்றேன்."

சொன்னபடியே எழுதினார். சித்திரை பிறந்து, பரீட்சையும் முடிந்துவிட்டது. விடுதிக் கேட்டு ராத்திரியிலும் திறந்தே கிடக்கிறது. அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.