இரண்டு டின்

பழைய ஜீப்பின் எஞ்சினில் ஒச்சாண்டி இரண்டாவது டின்னையும் கவிழ்த்தார். என் மனைவியின் அண்ணன். பழைய வண்டி வியாபாரம். டின்னில் இருந்த ஆயில் மருந்து தேன்போலக் கெட்டியாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் எஞ்சினுக்குள் கேட்ட தட்டல் அடங்கிவிட்டது.

"எஞ்சினியரு நீ பாத்துட்டேன்னு வாங்க வர்றவருட்ட சொல்லிருக்கேன் மாப்ள. நல்லாருக்குன்னு ஒத்த வார்த்த சொல்லு. மத்ததுக்கு வாயத் தொறக்காத."

வாங்க வந்த வேலுச்சாமி காமயகவுண்டன்பட்டிக்காரர். தினமும் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை ஏற ஜீப் தேடினார். இங்கே எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார்: மலைக்கு வாங்கும் வண்டியை பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"சத்தமே இல்லயே. தம்பி, நீங்க என்ன சொல்றீக?"

மச்சான் என்னை முறைத்தார்.

அந்த டின் போலி இல்லை. ஆயிலைக் கெட்டியாக்கும். புகையும் சத்தமும் குறையும். வொர்க்‌ஷாப் போய்ச் சேரும்வரை உதவும். தேய்ந்ததை அது வளர்க்காது. போன மாசியில், எங்கள் காரில் ஏதோ தட்டுகிறது என்று என் மனைவி சுபாஸ்ரீ சொன்னாள். மச்சான் ஒரு டின் கொடுத்தார். ஊற்றினேன். சத்தம் நின்றது. வொர்க்‌ஷாப்பை மறந்தேன். ஐப்பசியில், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், அவளுக்கு ரத்தப்போக்கு. தேனி ஆஸ்பத்திரிக்கு அதே காரை விரட்டினேன். சின்னமனூருக்கு முன்னால் எஞ்சின் இறுகி நின்றது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவளுக்கு நாடி இல்லை.

"மெட்டு ஏறிப் பாத்துட்டு வாங்குங்க," என்றேன். "சூடேறுனா ஆயில் இளகும். தட்டும். உள்ள ரெண்டு டின் ஊத்திருக்கு."

வேலுச்சாமி சாவியை பானட்டின் மேல் எறிந்தார். "பதினஞ்சு பொம்பளைக ஏறுற வண்டிய்யா. ஒங்க வீட்டுப் பொம்பளைகள இதுல ஏத்துவீகளா?"

பைக்கை உதைத்துப் போய்விட்டார்.

மச்சான் காலி டின்னை என் நெஞ்சில் எறிந்தார். "எந் தங்கச்சியத் தின்னது பத்தலயாடா? எம் பொழப்பயும் திங்கணுமா?"

"நீங்க குடுத்த டின்னு மச்சான்."

"குடுத்தது நான். ஊத்துனது யாரு? படிச்சவன் நீதான?"

ஜீப்புக்கு அடியில் படுத்து ஆயில் போல்ட்டைக் கழற்றினேன். வெளியே நீட்டியிருந்த என் காலை மச்சான் மிதித்தார். ஆயில் முழுக்க வடியும்வரை எழவில்லை.

புது ஆயில் ஊற்றினேன். சாவியைத் திருப்பினேன்.

கொஞ்ச நேரம் பொறுத்து எஞ்சின் தட்ட ஆரம்பித்தது.

"அமத்துடா," என்றார் மச்சான். பிறகு கத்தினார். பிறகு காதைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

நான் அமர்த்தவில்லை.