முழங்கையைப் பிடித்த மாமா

என் கணவர் இலாரியோவின் வலது முழங்கையில் கோழிமுட்டை அளவுக்கு வீக்கம். அடிபடவில்லை, எலும்பும் முறியவில்லை. பொலிவியாவின் பொத்தோசி மலைச் சுரங்கத்துக்குள் அவர் ஈயம் வெட்டும் பொந்து அவ்வளவு குறுகல். பத்து வருடமாக முழங்கையை ஊன்றித்தான் தவழ்ந்து போகிறார். வீங்காமல் என்ன செய்யும்?

ஆஸ்பத்திரி நர்ஸ் நெலிதா தொட்டுப் பார்த்தாள்.

"எலும்புக்கு மேல இருக்கிற பையில தண்ணி கோத்திருக்கு. பத்து நாள் கையை எதுமேலயும் ஊனாதீங்க. குளிர்ந்த துணியைப் போடுங்க, லேசா கட்டுங்க, படுக்கும்போது தலகாணி மேல தூக்கி வைங்க. குத்தி மட்டும் விட்டுடாதீங்க. செவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே ஓடி வாங்க."

எங்கள் ஊரில் குளிருக்கா பஞ்சம்? காலையில் வாளித் தண்ணீரே உறைந்து கிடக்கும். நான்கு நாள் துணி போட்டேன். வீக்கம் கொஞ்சம் வற்றியது. அதற்குள் அவருடைய பொறுமை சுத்தமாக வற்றிவிட்டது.

சனிக்கிழமை அவருடைய கூட்டாளி செவெரோ வந்தான்.

"போன வாரம் வெள்ளிக்கிழமை மாமாவுக்குக் கோக்கா இலை வெச்சியாடா?"

மாமா என்றால் சுரங்கத்துக்குள் கொம்போடு உட்கார்ந்திருக்கும் களிமண் பேய். மலைக்கு உள்ளே அவர் வைத்ததுதான் சட்டம். சுரங்கத்துக்காரர்கள் வெற்றிலை மாதிரி மெல்லும் கோக்கா இலையை வெள்ளிக்கிழமைதோறும் அவருக்குப் படைக்காவிட்டால் கோபித்துக்கொள்வார்.

"எங்கடா வெச்சேன்? தங்கச்சி கல்யாணம்னு போயிட்டேன்."

"அதான் கையைப் பிடிச்சிட்டார். திங்கக்கிழமை வந்துரு. ஒரு வாரத்துக்கு மேல வரலைன்னா பொந்து வேற ஆளுக்குப் போயிடும். சங்கத்து விதி உனக்குத் தெரியாதா?"

அவன் போனதும் இலாரியோ சொன்னார், "பசிலியா, ஊசியை எடு."

"யோவ், நர்சம்மா என்ன சொன்னாங்க?"

"நர்சம்மாவா வந்து தவழப்போறாங்க? குத்துடி."

எனக்குக் கோபம்தான். ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்தப் பொந்தை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. சாக்கு தைக்கும் ஊசியில் சாராயத்தை ஊற்றித் துடைத்துக் குத்தினேன். மஞ்சளாகத் தண்ணீர் வழிந்தது, வீக்கம் அப்படியே அமுங்கியது.

"இத்தனூண்டு தண்ணிக்கா உன் மாமா இவ்வளவு ஆட்டம் போட்டார்?" என்றேன். இருவரும் சிரித்தோம். திங்கட்கிழமை அவர் தவழப் போனார்.

புதன்கிழமை முழங்கை சிவந்து, அடுப்பில் வைத்த சட்டியாகச் சுட்டது. காய்ச்சல் நடுக்கம் நிற்கவில்லை. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். கை பிழைத்தது, மடங்கிய முழங்கை மட்டும் பிறகு நீளவே இல்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே, "இதை யார் குத்தினது?" என்று நெலிதா கத்தினாள். நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"யாரும் குத்தலை. மாமா பிடிச்சிட்டார்."

நெலிதா தலையில் அடித்துக்கொண்டாள். பார்க்க வந்திருந்த செவெரோ பெரிதாகத் தலையாட்டினான். ஊர் முழுக்க அதுவே பேச்சாயிற்று. பொந்து வேறு ஆளுக்குப் போயிற்று.

இப்போதும் இலாரியோ வெள்ளிக்கிழமை தவறாமல் செவெரோவிடம் மாமாவுக்குக் கோக்கா இலையும் சிகரெட்டும் கொடுத்தனுப்புகிறார். பெண் உள்ளே போனால் ஈயம் மறைந்துவிடும் என்பார்கள், அதனால் நானே போய் மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. கடைக்குப் போய் வாங்கி வருவதோடு சரி. நேற்று தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"தப்புப் பண்ணினது நானு. அவருக்கு எதுக்குய்யா சிகரெட்டு?"

அவர் மடங்கிய கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"உன் பழியை அவர் தலையில போட்டேன்ல. இதுவரைக்கும் அவர் யார்கிட்டயும் வாயே திறக்கலையே, அதுக்குத்தான்."